தூக்கிய கையை இறக்குகிறவள்

மிளகாய் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. மோட்டார் போடுகிற சத்தத்தில் சுவரில் மாட்டிய முருகன் படம் நடுங்குகிறது. சொர்ணவல்லி மிஷினுக்கு நாலடி தள்ளி, இடது கையைச் சேலைச் செருகலில் கோத்துக்கொண்டு, வலது கையை நேரே நீட்டி நிற்கிறாள். நீட்டிய கையில் பழைய ஒரு கிலோ எடைக்கல். எதிர்ச்சுவரில் கரியால் வைத்த பொட்டு. கை மெல்ல மேலே போகிறது, பொட்டுக்கு நேராக நிற்கிறது, நிற்கிறது, இறங்கிவிடுகிறது. "கேன்சல்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். மறுபடி தூக்குகிறாள்.

"ஏ சொர்ணம், பொடி சூடேறுது பாரு! நாளைக்கு கொழம்பு கருகல் நாத்தம் அடிச்சா எம் மருமக என்னையத்தான் வைவா" என்று மிளகாய் கொண்டுவந்த காத்தாயி கத்துகிறாள்.

"இருக்கா, இந்தா வாரேன்."

வரமாட்டாள். இன்னும் இரண்டு முறை தூக்கி இறக்கிய பிறகுதான் வருவாள். காத்தாயி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். மில்லில் வரிசை பார்த்து ஆளை உள்ளே அனுப்புவது என் வேலை. அதனால் திட்டெல்லாம் என் பக்கம்தான் விழும்.

அன்னவாசல் கடைவீதி முடிகிற இடத்தில் இருக்கிறது அவளுடைய மாவு மில். சித்தன்னவாசலுக்குப் போகிற வெளியூர்க் கார்கள் இங்கேதான் நிறுத்தி வழி கேட்கும். அவர்களுக்கு நல்ல நேரமென்றால் என்னிடம் கேட்பார்கள். கெட்ட நேரமென்றால் இவளிடம். "இங்கிட்டு" என்று கையைத் தூக்குவாள். பிறகு யோசித்து இறக்குவாள். "இருங்க, இங்கிட்டுத்தான்" என்று மறுபடி தூக்குவாள். கைநீட்டிய திசை சரிதான், முதல் தடவையே சரிதான். ஆனால் அவள் மனதுக்கு அது சரியாக உட்காரவில்லையாம். காருக்குள் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அடுத்த கடையில் கேட்டுக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துவிடுவார்கள்.

இவள் என் அக்கா சின்னப்பிள்ளையின் மூத்த மகள். நான் அம்மான். அக்கா பிள்ளைகள் நால்வரில் இவளைத்தான் நான் அதிகம் தூக்கி வளர்த்தேன், அதனால் திட்டுகிற பாத்தியதையும் எனக்குத்தான் அதிகம். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் குணம் எங்கள் வகையில் கிடையாது. நாங்கள் எல்லாவற்றையும் அவசரப்பட்டுச் செய்து கெடுக்கிற ஆட்கள். இது அவள் அப்பன் ஆண்டியப்பன் வீட்டுச் சொத்து. ஆண்டியப்பனைப் பெற்ற அய்யாக்கண்ணு, பாகப் பிரிவினைப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கப் போனார். மை தொட்ட விரலைக் காகிதத்துக்கு மேலே கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, பதிவு அதிகாரி சாப்பிடப் போய்விட்டார். அய்யாக்கண்ணுவின் அக்கா ஒருத்தி, கலியாணமாகிப் போன வீட்டு வாசலில் வலது காலைத் தூக்கித் தூக்கி வைத்து நல்ல நேரத்தையே போக்கடித்தாள். அவள் பிறந்த வீட்டுக்காரர்களை இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் 'தூக்குன கால் வீடு' என்றுதான் சொல்வார்கள். அந்த ரத்தம் நேரே வந்து இவள் வலது கையில் இறங்கியிருக்கிறது.

அதோடு விட்டிருந்தால் வீட்டோடு போயிருக்கும். துப்பாக்கி ஒன்று வந்து சேர்ந்தது.

இவள் மகள் காவ்யா காலேஜில் சேர்ந்த வருஷம், துப்பாக்கி சுடப் பழகப்போகிறேன் என்றாள். புதுக்கோட்டையில் பீட்டர் என்று ஒருவர், பட்டாளத்தில் இருந்து வந்தவர், நெல் மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கி ஒன்றில் காற்றுத் துப்பாக்கி சொல்லிக்கொடுக்கிறார். மகளுக்குத் துணையாகப் போன சொர்ணவல்லி பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். ஒரு மாதத்தில் காவ்யாவுக்குச் சலித்துவிட்டது. "ஒரே எடத்துல நின்னு ஒரே பொட்டப் பாக்குறதுக்கு எதுக்கும்மா பஸ் ஏறி வரணும்?" என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டாள். அம்மா நிற்கவில்லை. நாற்பது வயதில், மகள் வைத்துவிட்டுப் போன துப்பாக்கியை எடுத்தவள், மூன்றாவது வருஷமாக இன்னும் கீழே வைக்கவில்லை.

நன்றாகச் சுடுகிறாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கிட்டங்கியின் அந்தக் கோடியில் அட்டை இருக்கும். நடுவில் இருக்கும் புள்ளி என் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதில் போய்ப் படுகிறது குண்டு. பட்டால் சரி. பிரச்சினை, சுட்டால்தானே படும்!

பீட்டர் முதல் மாதம் ஒரு பாடம் சொன்னாராம். "மனசுல லேசா சந்தேகம் வந்தாக்கூட சுடாதீங்கம்மா. கைய எறக்கிருங்க. கேன்சல் பண்றதுக்கு வெக்கப்படக் கூடாது." எல்லோருக்கும் சொல்கிற பாடம்தான். அவசரக்காரர்களுக்கு அது மருந்து. எங்கள் வகையில் ஒருத்திக்குச் சொல்லியிருந்தால் நல்ல பலன் கிடைத்திருக்கும். 'தூக்குன கால் வீட்டு'ப் பெண்ணிடம் போய் இதைச் சொல்லலாமா? அவர் பாவம், ஆள் தெரியாமல் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு காரியமும் ஒரே தடவையில் நடப்பதில்லை. தோசைக்கு மாவு எடுத்த கரண்டி கல்லுக்கு மேலே போய்த் திரும்பி வரும். போனில் நம்பரைப் போட்டுவிட்டு, மணி அடிக்கும் முன்னே வைத்துவிடுவாள். பஸ் கம்பியைப் பிடிக்கப் போன கையை ஒரு நாள் எடுத்துவிட்டாள். "ஏறுறியா இல்லையாத்தா? வண்டில இருக்கவுக எல்லாம் ஊரு போய்ச் சேரணும்ல?" என்று கண்டக்டர் கேட்டார். பஸ் போய்விட்டது. ஏன் ஏறவில்லை என்று கேட்டால், "மூச்சு சரியா வரல அம்மான்" என்கிறாள். பஸ் ஏறுவதற்கு எதற்கடி மூச்சு?

இன்னொரு கூத்தும் உண்டு. போட்டி நெருங்கிவிட்டால் வீட்டிலும் மில்லிலும் யாரும் பத்து என்ற எண்ணைச் சொல்லக்கூடாது. நடுப்புள்ளியில் பட்டால் அதுதான் கணக்கு. "அந்த எண்ணக் கேட்டா அது வேணும்னு மனசு அலையுது. வேணும்னு நெனச்சா வெரல் இறுகிருது. இறுகுனா குண்டு எங்கிட்டோ போயிருது" என்பாள். அவள் புருஷன் உடையப்பன் ஆழ்குழாய் மோட்டார் மெக்கானிக். பயந்த மனிதர். அரிசி கொண்டுவருகிறவர்களிடம் "ஒம்பதும் ஒண்ணும் கிலோவாண்ணே?" என்று கேட்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் என்ன படிக்கிறான் என்று விசாரித்த விருந்தாளிக்கு, "ஒம்பதுக்கு அடுத்த வகுப்பு" என்று பதில் சொன்னார். விருந்தாளி அந்தப் பையனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். நான் ஒரு நாள் கண்ணுசாமி மச்சான் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அவன் பர்மாவுல இருந்து வந்து பத்து வருசம்..." என்று வாயை எடுத்தேன். "அம்மான்!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம். கதை அங்கேயே நின்றுவிட்டது. கண்ணுசாமிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கக்கூட இந்த வீட்டில் ஆளில்லை.

ஒரு தடவை பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "ஏண்டி, இந்த மிஷின் சத்தத்துல, மிளகா நெடில, நாலு பேரு கத்துறப்ப ஒங்கையி ஆடாம நிக்குது. அங்க ஈ பறந்தாக் கேக்குற எடத்துல என்ன கேடு ஒனக்கு?"

சல்லடையைத் தட்டிவிட்டு, "இங்க எனக்கு ஒண்ணுமே கேக்காது அம்மான். நிம்மதியா இருக்கும். அங்க போயி காத அடைச்சுக்கிட்டு நின்னா என் நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்குது. அது ஒவ்வொரு தடவ அடிக்கிறப்பவும் முனை ஆடுது. ஆடுனா எறக்கிர்றேன்" என்றாள்.

"அடிக்காம நின்னா ஒன் போட்டோவுக்கு மாலையில்ல போட்டுருப்போம்" என்றேன்.

சிரிக்கவில்லை. அவளுக்கு இது சிரிக்கிற விஷயமில்லை என்று போன வருஷப் போட்டியில் எனக்கே தெரிந்துவிட்டது.

போட்டியில் அறுபது குண்டு. ஒன்றேகால் மணி நேரம். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சின்னத் திரை இருக்கும். எத்தனை எடுத்தோம், எத்தனை குண்டு சுட்டோம், எவ்வளவு நேரம் பாக்கி என்று எல்லாம் அதில் ஓடும். கணக்கைப் பார்த்தால் மனசு அலையும் என்று, போன வருஷம் இவள் அந்தத் திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள். கணக்கோடு கடிகாரமும் மூடிப்போனது. மைக்கில் நேரம் சொன்னார்கள். காதில் அடைப்பான். இவள் பாட்டுக்குத் தூக்குவதும் இறக்குவதுமாக நின்றிருக்கிறாள். நேரம் முடிந்தது என்று ஆள் வந்து தோளைத் தொட்டபோது, இரண்டு குண்டு பெட்டியிலேயே கிடந்தது. சுடாத குண்டுக்குச் சுழி. அந்த இரண்டும் ஓரத்தில் பட்டிருந்தால்கூட அகில இந்தியப் போட்டிக்குத் தகுதி கிடைத்திருக்கும் என்று பீட்டர் சொன்னார். தப்பாகச் சுட்டுத் தோற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுடாமல் தோற்றவள் இவள் ஒருத்திதான்.

அந்த இரண்டு குண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். மூன்று நாள் மில் திறக்கவில்லை. நாலாம் நாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எங்களிடமல்ல, தட்டிடம் சொல்வது போலச் சொன்னாள்: "அடுத்த வருசமும் குண்டு பெட்டிலயே கெடந்துச்சுன்னா, துப்பாக்கிய பீட்டர் சார்கிட்ட குடுத்துட்டு வந்துருவேன். அதுக்குப் பெறகு யாரும் என்னைய அங்கிட்டுக் கூப்புடக் கூடாது."

உடையப்பன் என்னைப் பார்த்தார். அந்தத் துப்பாக்கி போய்விட்டால் மில்லில் வரிசை ஒழுங்காக நகரும், தோசை ஒழுங்காக வேகும், கண்ணுசாமி கதையை நான் முடிக்கலாம். எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். "சித்தப்பா, அவ அது இல்லாம இருக்கமாட்டா சித்தப்பா" என்றார் உடையப்பன் என்னிடம், கை கழுவப் போன இடத்தில்.

இந்த வருஷம் மாநிலப் போட்டி சென்னைக்கு வெளியே. புருஷன் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். போன தடவை ஒரு முறை திரும்பிப் பார்த்தபோது அவர் முகத்தில் கணக்கு முழுதும் தெரிந்துவிட்டதாம். "இவுக மூஞ்சி மைக்செட்டு மாதிரி, எல்லாத்தையும் சொல்லிரும். அம்மான் வரட்டும். அவுக மூஞ்சில எழவு வீடும் கலியாண வீடும் ஒண்ணு போலத்தான் இருக்கும்." இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நான் ரயிலேறினேன்.

பீட்டர் இந்த முறை ஒரு அட்டைத்துண்டை வெட்டி, திரையில் கணக்கு வருகிற பக்கத்தை மட்டும் மறைத்து ஒட்டினார். கடிகாரமும் குண்டு எண்ணிக்கையும் தெரியும். "மணி பாத்து சுடுங்கம்மா. ஒங்களுக்கு கடவுள் குடுத்த கையி. கர்த்தரே வந்து தூக்குனாலும் நீங்க எறக்கிருவீங்க போல" என்றார். இவள் தலையை ஆட்டினாள்.

வரிசையாகப் பெண்கள். முக்கால்வாசிப் பேர் காவ்யா வயசு. நடுவில் இவள், பீட்டர் வாங்கிக்கொடுத்த சட்டையும் பேண்ட்டும் போட்டு, தலையில் பூ. எங்கள் பக்கச் சுவரில் பெரிய திரையில் எல்லோருடைய கணக்கும் ஓடியது. எனக்கு அது புரியாது. பக்கத்தில் இருந்த பீட்டர் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். முதல் பாதி நன்றாகப் போயிற்று. பிறகு இறக்கல் தொடங்கியது. தூக்கினாள், இறக்கினாள். சுட்டாள். தூக்கினாள், இறக்கினாள், தூக்கினாள், இறக்கினாள். சுட்டாள். பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக முடித்துத் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். கூடம் அடங்கிக்கொண்டே வந்தது. அந்த அமைதி இவளுக்கு ஆகாதே.

கடைசிக் குண்டு. "ஒம்பது வேணும்யா" என்றார் பீட்டர். "ஒம்பதுக்குக் கொறஞ்சா தகுதி இல்ல."

நேரம் நாலு நிமிஷம் கிடந்தது. தூக்கினாள். இறக்கினாள். நெற்றியைத் துடைத்தாள். தூக்கினாள். நல்லா நிக்குது என்றார் பீட்டர். நின்ற கையை இறக்கினாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, எழுந்து போய் அந்த விரலை நானே அமுக்கிவிட்டு வந்திருப்பேன். அய்யாக்கண்ணுவை நினைத்தேன், அந்த அக்காளை நினைத்தேன், அந்த வீட்டில் பெண் கொடுக்க இசைந்த என் அப்பனை நினைத்து வைதேன். மறுபடி தூக்கினாள். மறுபடி இறக்கினாள்.

பிறகு அவள் செய்ததை எப்படிச் சொல்வது? துப்பாக்கியை மேசையில் வைத்தாள். பின்னால் கிடந்த நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

"என்னய்யா பண்றாங்க?" என்று பீட்டர் என் தொடையைப் பிடித்தார். எழுந்து சொல்ல முடியாது, கூப்பிட முடியாது, சட்டம். அவள் உட்கார்ந்துகொண்டு, கை இரண்டையும் மடியில் போட்டு, திரையில் கடிகாரம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேஷன் கடையில் முறைக்கு உட்கார்ந்திருப்பவள் மாதிரி. மூன்று நிமிஷம் இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று. அதிகாரி ஒருவர் நடந்து வந்து அவளைப் பார்த்துவிட்டு, மணியைப் பார்த்துவிட்டு நின்றார். பீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தார். போச்சு, இன்றோடு துப்பாக்கி போச்சு, இனி சாயங்காலமானால் இவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குள் ஓடியது.

அரை நிமிஷத்துக்கும் கீழே போன பிறகு எழுந்தாள். அவசரமில்லை. துப்பாக்கியை எடுத்தாள், குண்டைப் போட்டாள், காலை அகட்டி வைத்தாள். கை மேலே போயிற்று. நின்றது. டப்பென்று ஒரு சின்னச் சத்தம், கதவுத் தாழ்ப்பாள் விழுகிற மாதிரி.

பீட்டர் கண்ணைத் திறந்து பெரிய திரையைப் பார்த்தார். "ஒம்பது" என்றார். உதடுதான் அசைந்தது. பிறகு அதே உதட்டால் வேறென்னவோ சொல்லிக்கொண்டு முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

அவள் துப்பாக்கியைத் திறந்து காட்டி, அதிகாரி தலையாட்டியதும் பெட்டியில் வைத்து, காதடைப்பானை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். பீட்டர் அவள் மேல் பாய்ந்தார். "ஏம்மா, எதுக்கு உக்காந்தீங்க? என் உசுரு போயி உசுரு வந்துச்சு! எந்த ஊருல இப்புடி உக்காருவாங்க? யாரு சொல்லிக்குடுத்தது?"

"யாரும் சொல்லல சார்" என்றாள். "எறக்குறதுக்கு நேரம் இருக்குற வரைக்கும் நான் எறக்கிக்கிட்டேதான் சார் இருப்பேன். எனக்கு என்னையத் தெரியும்ல. அதான், ஒரு தடவ தூக்குறதுக்கு மட்டும் நேரம் விட்டுட்டு, மிச்சத்த உக்காந்து தீத்துட்டேன்."

பீட்டர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "வெளங்கும்" என்றார். "அகில இந்தியப் போட்டிலயும் போயி இப்புடி நாக்காலி போட்டு உக்காருங்க. என்னைய நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாங்க."

தகுதி கிடைத்துவிட்டது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எந்திரிங்கய்யா, போயி ஒரு காப்பி குடிப்போம்" என்று பீட்டர் என் தோளைத் தட்டினார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. எனக்கு முன்னால் கிடந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. விரல் வெளுத்துப் போய், இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. விடு என்று நான் சொல்கிறேன், விரல் கேட்கவில்லை.

சொர்ணவல்லி என் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, என் சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக அந்தக் கம்பியிலிருந்து பிரித்து எடுத்தாள்.